கடுகு நுழைகிற ஓட்டை

பதினான்கு வயதில் கொஞ்ச காலம், துப்பாக்கி என்பது தூரத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டுவதற்காகச் செய்த ஒரு கருவி என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். சுடுவது அதன் உபதொழில். இதை வெளியில் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. நாலு புத்தகம் படித்தவன், ஏதோ எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிய பிறகு சொன்னால் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்கிற தைரியத்தில்தான் இப்போதும் சொல்கிறேன்.

அந்த நாளில் எனக்குத் தெரிந்த உலகம் பத்தடி தூரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் இருந்ததெல்லாம் நனைந்த காகிதத்தில் மசி ஊறின மாதிரி விளிம்பில்லாமல் கிடக்கும். தென்னை மரம் என்றால் ஒரு தூண், அதன் தலையில் பச்சையாக ஒரு மூட்டை. மலை என்றால் நீலமாக ஒரு கறை. இது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், மற்றவர்கள் கெட்டிக்காரர்கள் ஆகையால் சமாளித்துக்கொள்கிறார்கள், நான் மண்டு ஆகையால் திணறுகிறேன் என்று முடிவு கட்டியிருந்தேன். ஆட்களை நடையை வைத்தும் குடையை வைத்தும் அடையாளம் கண்டுகொள்வேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை ஒரு நாளும் வாசித்ததில்லை. அந்த ஊருக்குப் போகிற ஆள் எவனாவது ஏறினால் பின்னாலேயே நானும் ஏறிவிடுவேன். இப்படி ஒருமுறை இராஜாக்கமங்கலம் போய்ச் சேர்ந்திருக்கிறேன். போக வேண்டியிருந்த இடம் பூதப்பாண்டி.

வகுப்பில்தான் கஷ்டம். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போடுகிற மூன்றும் எட்டும் எனக்கு இரட்டைப் பிள்ளைகள். எது எதுவென்று ஊகித்துக் கணக்குப் போடுவேன். விடை வரும், ஆனால் வேறு ஏதோ கணக்குக்கு. இந்த வகையில் நாலாம் பாரத்தில் ஒரு வருஷம் தோற்றுவிட்டு, அதே பெஞ்சில் இரண்டாம் வருஷமும் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறவர். பத்திர ஆபீசுக்கு எதிரே ஒரு முறியில், ஒற்றை அறைதான், உட்கார்ந்து, விற்கிறவர் வாங்குகிறவர் பெயரெல்லாம் போட்டு, நிலத்தின் நான்கெல்லைகளையும் பிசகில்லாமல் எழுதிக் கொடுப்பார். மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்துதான் எழுதுவார். அந்தக் குனிவை ஊர் சிரத்தை என்றது. தெருவில் எதிரே வருகிறவர்களை லட்சியம் செய்யாமல் நடப்பார். அதை ஊர் தலைக்கனம் என்றது. அம்மையோடு கோயிலுக்குப் போகும்போது மட்டும் தலைக்கனம் குறைந்திருக்கும். அம்மை ஒரு எட்டு பின்னால் நடந்துகொண்டே, “வடசேரி மச்சான் வாறாரு,” “எதுக்க வைத்தியரு,” என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வருவாள். அப்பா உடனே கை கூப்புவார். அம்மைக்கு வாய் சும்மா இருக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷமும் நான் தோற்றால் கோட்டாற்றில் மாமாவின் பாத்திரக் கடைக்குப் போவது என்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. மாமா அம்மையின் அண்ணன், நல்ல மனுஷன். ஆனால் அவர் கடையில் நாள் முழுக்கப் பித்தளைக் குடங்களை விரலால் சுண்டி, வாங்க வருகிறவர்களுக்கு ஓசை காட்டுவார்கள். எனக்கு அந்த ஓசையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஒரு குடத்துக்கு இரண்டு சுண்டு வீதம் சாகிறவரை சுண்டிக்கொண்டிருக்கப் போகிறேன் என்று ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர் படை தொடங்கி அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. திருவிதாங்கூரையும் கொச்சியையும் சேர்த்து ஒரே ராஜ்யம் ஆக்கியிருந்த காலம். நாங்கள் அதன் தெற்குக் கோடியில் தொளதொள காக்கி நிக்கரோடு வரிசையில் நின்றோம். எங்களை நடத்தியவர் டிரில் மாஸ்டர். பர்மாவில் சண்டை போட்டவர் என்று அவரே சொல்வார். பர்மாவில் பூட்ஸ் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் என்று கணக்கு வாத்தியார் சொல்வார். இரண்டு பேருக்கும் ஆகாது.

ஒரு நாள் டிரில் மாஸ்டர் எங்கள் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். நான் தூரத்தில் ஏதோ அசைவதைப் பார்க்க, வழக்கம்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன்.

“இந்தப் பயலப் பாத்தியளா,” என்றார் மற்றவர்களைப் பார்த்து. “சும்மா நிக்கச்சிலயும் குறி பாத்துக்கிட்டு நிக்கான். துவக்குக்குண்ணே பொறந்த மூஞ்சி.”

அப்படித்தான் நான் துப்பாக்கி அணிக்குத் தேர்வானேன். மூஞ்சியை வைத்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. கடைசியும் அதுதான்.

அந்தத் துப்பாக்கியைப் பாயிண்ட் டூ டூ என்பார்கள். பார்வைக்குப் பெரியது, உள்ளே போகிற தோட்டா சுண்டுவிரலின் நுனிக்கணு அளவுதான். மற்ற தோட்டாக்களைப் போல இதற்கு நடுமண்டையில் அடி விழக் கூடாது, பின்பக்கத்து விளிம்பில் ஊசி தட்டினால்தான் வெடிக்கும் என்று மாஸ்டர் விளக்கினார். எங்கள் அப்பாவின் கோபமும் அப்படிப்பட்டதுதான் ஆகையால் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேட்டின் முன்னே இரண்டு சட்டங்களை நட்டு, இரண்டு அட்டைகள் ஒட்டியிருப்பார்கள். வெள்ளை அட்டை, நடுவில் கறுப்பு வட்டம். இருபத்தைந்து கஜத்துக்கு இப்பால் சாக்கு விரித்து, அதில் குப்புறப் படுத்து, இடது முழங்கையை ஊன்றிச் சுட வேண்டும். முழங்கைத் தோல் முதல் நாளே போய்விடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விசையை வெடுக்கென்று இழுக்காதே, பால் கறக்கிற மாதிரி ஒரே சீராகப் பிழி என்று மாஸ்டர் தலைமாட்டில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

என் முறை வந்தபோது நெஞ்சு அடித்த அடியில் சாக்கே அசைந்தது. அட்டை என்று அவர் காட்டிய இடத்தில் வெளுப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது. கறுப்பு வட்டம் தெரியவில்லை. தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது சார் என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் ஆயிரம் தடவை சொல்லிப் பழகின பொய் அது.

துப்பாக்கியின் பின்பக்கம், கண்ணுக்கு நேராக ஒரு சின்னத் தகடு உண்டு. அதன் நடுவே ஓர் ஓட்டை. கடுகு நுழையும், மிளகு நுழையாது. அதன் வழியாகக் குழலின் நுனியைப் பார்த்துக் குறி வைக்க வேண்டும். நான் கண்ணை அதில் கொண்டுபோய் வைத்தேன்.

கறுப்பு வட்டம் தெரிந்தது. சாந்துப் பொட்டு வைத்தது போல, விளிம்பு வெட்டினாற்போலத் தெரிந்தது. அட்டையை அறைந்திருந்த ஆணிகள் நான்கும் தெரிந்தன. பின்னால் மண்மேட்டில் ஒரு தும்பைச் செடி நின்றது. அதில் பூக்கள் தனித்தனியாக இருந்தன. அவற்றை எண்ண ஆரம்பித்தேன்.

“என்னடே, ஒறங்கிட்டியா?” என்றார் மாஸ்டர்.

ஐந்து குண்டும் சுட்டேன். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தபோது ஐந்தையும் ஒரு நெல்லிக்காயால் மூடிவிடலாம் போல நெருக்கமாக விழுந்திருந்தன. மாஸ்டர் அட்டையை வெயிலில் பிடித்து ஓட்டைகள் வழியே ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தார். “நான் சொல்லல்லியா,” என்றார்.

எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. துப்பாக்கிக்கு இப்படி ஒரு சக்தி இருப்பது மற்ற பையன்களுக்கும் தெரியுமா, தெரிந்தால் ஏன் ஒருவனும் தும்பைப் பூவைப் பற்றிப் பேசவில்லை என்று யோசித்தேன். மாஸ்டரிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று அணியை விட்டு வெளியே தள்ளிவிட்டால்?

ஆனால் ஓட்டையை நான் விடவில்லை. கை விரல்களைச் சுருட்டி, நடுவில் கடுகளவுக்கு இடம் விட்டு அதன் வழியே பார்த்தால் துப்பாக்கி இல்லாமலும் கொஞ்சம் வேலை நடந்தது. அந்த வாரம் கணக்கு வகுப்பில் மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் இருந்தன. தொடர்ந்து மூன்று நாள் கணக்குச் சரியாக வந்தது. யாரைப் பார்த்து எழுதினாய் என்று விசாரித்தார்கள். நாலாம் நாள் வாத்தியார் பலகையிலிருந்து சட்டென்று திரும்பினார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணில் கைக்குழலை வைத்து, அவர் நெஞ்சுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எலே, என்னயச் சுடப் பாக்கியா? ஆருலே உனக்கு இதப் படிச்சுத் தந்தது? அந்த பூட்ஸ்காரனா?”

ஆறு அடி. அதோடு விடவில்லை. மாணவர் படை வந்த பிறகு வாத்தியாரைச் சுட்டுப் பழகுகிறார்கள் என்று அப்பாவுக்கு ஒரு கடிதம்.

கடிதத்தை அப்பா கண்ணுக்கு மிக அருகில் வைத்து இரண்டு தடவை வாசித்தார். டிரில் மாஸ்டருக்குச் செய்தி எட்டி, அவரே முறிக்கு வந்துவிட்டார். நான் கதவோரம் நின்றேன்.

“அண்ணாச்சி, பய அருமையாட்டு சுடுதான். அடுத்த சனியாழ்ச்ச பள்ளிக்கூடங்களுக்கு எல்லாம் சேத்து போட்டி இருக்கு. கப்பு நமக்குத்தான்.”

அப்பா எழுத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நம்ம வீட்டுல ஆரும் இண்ணுவர ஆரையும் சுட்டதில்ல சாரே.”

“இது அட்டையச் சுடுதது.”

“அட்டை என்ன பாவம் செய்தது?” என்றார் அப்பா. அந்த வரியை எழுதி முடித்தார். பிறகு சொன்னார்: “இவன் ஒரு காரியத்த உருப்படியாட்டு செய்யுதத நான் என் கண்ணால பாக்கணும். பாத்தா, பரீட்ச எப்பிடி ஆனாலும் இன்னொரு வருசம் படிக்கட்டும். இல்லேண்ணா சித்திர பொறந்ததும் கடைக்குப் போவட்டும்.”

அப்பா எழுதிக் கொடுத்த எல்லையை மாற்றியதில்லை, சொன்ன சொல்லையும் மாற்றியதில்லை. ஆக, என்னுடைய மிச்ச ஆயுள் முழுவதும் ஐந்து குண்டில் வந்து நின்றது.

போட்டி பூதப்பாண்டி சாலையில் ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்தில். அணியோடு சேர்ந்து போனதால் சரியான பஸ்ஸில் ஏறினேன். ஐந்தாறு பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே காக்கி, ஒரே தொப்பி. சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். நடுவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு பட்டாளத்து ஆபீசர், மீசை வைத்தவர். மீசை எனக்கு நடையிலேயே தெரிந்தது.

இங்கே அட்டைகள் இரண்டு அல்ல, எட்டு. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பலகைத் துண்டில் எண் எழுதியிருந்தது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

“உனக்கு நாலு,” என்றார் மாஸ்டர். “இடது கையில இருந்து நாலாமத்தது. நம்பரு தெரியுதா?”

“தெரியுது சார்.”

“நல்லா பாத்துக்கிட்டியா?”

“பாத்தேன் சார்.”

அவர் போன பிறகு பார்த்தேன். மண்மேட்டோரம் வரிசையாக வெள்ளைத் திட்டுகள். இடமிருந்து எண்ணினேன். எட்டு இருக்க வேண்டும், ஒன்பது இருந்தது. மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் ஒன்பது. பயத்தில் ஒன்று கூடத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், எண் தெரியவில்லையா என்பார்கள். தெரியவில்லை என்றால் உட்கார் என்பார்கள். அப்பாவும் பார்க்க வந்திருப்பார். பித்தளைக் குடம் காதுக்குள் ஒரு தடவை ஒலித்தது. நான் கேட்கவில்லை.

பின்னால் புன்னை மரத்தடியில் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் வேட்டிகள் ஒரே வெளுப்பாகத் தெரிந்தன. அதன் நடுவே ஒரு கறுப்புக் குடை. அது அப்பா என்று எடுத்துக்கொண்டேன். குடை என் பக்கம் திரும்பியிருந்தது போலத்தான் இருந்தது.

மூன்றாம் எண்ணுக்கு வந்தவன் கடற்கரைப் பள்ளிக்கூடத்துப் பையன். என்னைப் போலவே ஒல்லி, என் உயரம்தான். எனக்கு இடது பக்கத்துச் சாக்கில் படுத்துக்கொண்டு சிலுவை போட்டான்.

“மக்கா, பயமா இருக்கா?” என்றான்.

“இல்ல.”

“எனக்கு இருக்கு. வயித்துக்குள்ள சாள மீனு துள்ளுது.” பிறகு, “உனக்க வீட்டுல இருந்து ஆளு வந்தாச்சா?” என்றான்.

“அப்பா வந்திருக்காரு. உனக்கு?”

“எங்க அப்பா கடலுக்குப் போயாச்சு. போட்டிண்ணு சொன்னா கட்டுமரம் காத்து நிக்குமா?”

அதற்குள் தோட்டாவைப் போடச் சொல்லி ஆபீசர் கத்தினார். நான் கடைசியாக ஒருமுறை இடமிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அந்த நாலாவது வெளுப்பின் பக்கமாகக் குழலைத் திருப்பி, ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

அதன் பிறகு பயம் போய்விட்டது. இது பொய்யில்லை. அந்த ஓட்டைக்குள் நான் மண்டு இல்லை. கறுப்பு வட்டம் அதன் இடத்தில் நின்றது. மூச்சைப் பாதி விட்டேன். முதல் குண்டு போனது எனக்கே தெரியவில்லை. போல்டை இழுத்தபோது காலித் தோட்டா துள்ளிக் கன்னத்தில் சுட்டது. இரண்டு, மூன்று. மேலே பலகையில் எண் எழுதியிருந்ததே, அதை ஓட்டை வழியாக ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவு தெளிவாக ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது வேறு எதையும் பார்ப்பானேன்? ஐந்தும் சுட்டுவிட்டு நெற்றியைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்துக்கொண்டேன். என் ஆயுளில் அதற்கு முன்பும் பின்பும் எந்தக் காரியத்தையும் அவ்வளவு ஒழுங்காக நான் செய்ததில்லை.

ஆபீசர் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் நின்றார். வெகுநேரம் நின்றார். நாலாவதற்குப் போனார். அங்கே ஒரு நொடிகூட நிற்காமல் மூன்றாவதற்கே திரும்பி வந்தார். மாஸ்டர் ஓடினார். பையன்கள் எழுந்து நின்றார்கள்.

“நாலாம் நம்பரு, வெள்ளையடிச்ச சொவரு மாதிரியில்லா கெடக்கு,” என்றான் ஒருவன். “ஒரு ஓட்ட இல்ல மக்கா. எறும்பு கடிச்ச அடையாளங்கூட இல்ல.”

மூன்றாம் எண் பையன் கையைத் தூக்கினான். “சார், நான் அஞ்சுதான் சுட்டேன். இதுல பத்து கெடக்கு.” அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட எண்ணிக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனாலும் அவன் சொன்னான்.

விதி இப்படி: அடுத்தவன் அட்டையில் சுட்டவனுக்கு ஒன்றும் கிடையாது. சுடப்பட்ட அட்டைக்காரன்மேல் குற்றமில்லை ஆகையால், அதில் உள்ள ஓட்டைகளில் சிறந்த ஐந்து அவனுக்கு. அவன் சுட்டவை ஐந்தும் அட்டையின் ஐந்து திக்குகளில் இருந்தன. நடுவட்டத்தில் ஒரு நெல்லிக்காய் அளவில் இருந்தவை யாருடையவை என்று எனக்குத் தெரியும். கோப்பை அவனுக்குப் போயிற்று.

துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு அட்டைகளைக் கழற்றி எடுக்க எங்களை அனுப்பினார்கள். அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். வரிசையின் இடது கோடியில், ஒன்றாம் எண்ணுக்கும் முன்னால், இதற்கப்பால் யாரும் சுடக் கூடாது என்பதற்காக ஒரு எல்லைக்கல் நட்டு வெள்ளையடித்திருந்தார்கள். நான் அதையும் சேர்த்து எண்ணியிருந்தேன். நான்கெல்லை எழுதிச் சாப்பிடுகிற வீட்டில் பிறந்து, எல்லைக்கல்லை அட்டை என்று எண்ணி, அடுத்தவன் எல்லைக்குள் ஐந்து குண்டு போட்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பியோடு குனிந்து, கோப்பையை நிக்கரில் துடைத்துக்கொண்டு நின்றான். மரத்தடியிலிருந்து அப்பா குடையை மடக்கிக்கொண்டு வேகமாக வந்தார். நான் நின்றேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா என் பக்கம் வரவில்லை. நேரே அவனிடம் போய், பின்னாலிருந்து அவன் தோளில் கை வைத்தார்.

“பாத்தேன்டே,” என்றார். “என் கண்ணால பாத்தேன். இனி கடைக்கு ஒண்ணும் போவாண்டாம். நீ படி.”

அவன் திரும்பினான். “செரி மாமா,” என்றான்.

அப்பா அவன் முகத்தைக் குனிந்து பார்த்தார். கையை உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, “நல்லா இரி மக்கா,” என்று அவன் தலையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். டிரில் மாஸ்டர், ஆபீசர், பையன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலடி தள்ளி நான் நின்றேன்.

“வா,” என்றார் என்னிடம். “பஸ்ஸு போயிரும்.”

நடக்கத் தொடங்கியபோது அந்தப் பையன் பின்னாலேயே ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். “மக்கா, உனக்க அப்பா எதுக்கு என்னயக் கடைக்குப் போவாண்டாம்ணு சொன்னாரு? எங்களுக்குக் கடையே இல்லியே.” சட்டையை விட்டான். “ஆனாலும் நல்ல மனுசன்,” என்றான்.

பஸ்ஸில் அப்பா எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார். ஒரு பிள்ளையை இதைவிட நன்றாகத் தண்டிக்க முடியாது என்று நினைத்தேன். அடித்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருக்கும். தோற்ற பிள்ளையின் கண்ணெதிரே ஜெயித்த பிள்ளையைத் தேடிப் போய், படி என்று சொல்லிவிட்டு வருவதென்றால் அதற்கு எவ்வளவு கோபம் வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மையிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே இருந்து வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை டிரில் மாஸ்டர் என்னை மைதானத்தில் நிறுத்தி, இருபது அடி தள்ளிப் போய் நின்றுகொண்டு கையைத் தூக்கினார்.

“எத்தனடே?”

“எதுல எத்தன சார்?” என்றேன்.

அவர் கையைக் கீழே போட்டார். மைதானத்து ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் தேடிக் கண்டுபிடித்த மூஞ்சி அல்லவா. பிறகு எழுந்து, அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கண்ணாஸ்பத்திரிக்கு மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். கடுகளவு ஓட்டை வழியே பார்த்தால் எந்த மங்கல் கண்ணுக்கும் கொஞ்சம் தெளியும், அது துப்பாக்கியின் சக்தி இல்லை என்று அங்கேதான் சொன்னார்கள். பங்குனியில் கண்ணாடி வந்தது. தென்னை ஓலைகள் தனித்தனியாக இருக்கும் விஷயம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. பரீட்சையில் தோற்றேன். அது கண்ணாடிக்கு முந்தின பாடங்களில் வந்த தோல்வி. ஆனால் சித்திரை பிறந்தது, கடைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பா சொன்ன சொல், யார் தோளில் கை வைத்துச் சொன்னதானாலும் சொல்தான் போலிருக்கிறது. நான் அதே பெஞ்சில் மூன்றாம் வருஷமும் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டதும் கண்ணைச் சுருக்குகிற வழக்கம் போயிற்று, அதோடு துவக்குக்குப் பிறந்த மூஞ்சியும் போயிற்று. அணியில் என்னைச் சேர்க்கவில்லை.

ஒரு சாயங்காலம். அம்மை முற்றத்தில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சக்கையில் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா முறியிலிருந்து வந்தவர் வாசல் நடையில் நின்று, “அதக் கொஞ்சம் தா,” என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். முதலில் தெருவைப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டுத் தென்னையை அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியாகத் திரும்பி, முற்றத்தில் இருந்த அம்மையைப் பார்த்தார். தென்னையைவிட அதிக நேரம் பார்த்தார். வாங்கின பொருள் சரியானதுதானா என்று சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். “கனமா இருக்கு,” என்று கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்.

அம்மை தலையைத் தூக்காமல், சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் எதைச் சொல்கிறாள், அப்பா ஏன் சிரித்துக்கொண்டே உள்ளே போனார் என்று எனக்கு அப்போது கொஞ்சமும் விளங்கவில்லை.

“இப்ப பாத்து என்ன செய்ய? கலியாணத்தண்ணு மாலையத் தூக்கிக்கிட்டு நேரா எங்க அக்காகிட்டல்லா போனிய. எங்க அண்ணன் பக்கத்துல நிண்ணு தோளப் பிடிச்சுத் திருப்பி விட்டான். பாவம், போட்டியண்ணு உங்களத் திருப்பி விட இந்தப் பயலுக்குப் பக்கத்துல ஆரும் நிக்கல்ல.”